வெண்ணெய்க் கண்

அத்தியாயம் பதினொன்று

"செத்துப்போனவர் பொய் சொன்னாரா இல்லையான்னு கண்டுபிடிக்க ரெண்டு பேர், ஒரு கார், நாலு நாள். உங்களுக்கே சிரிப்பு வரல பாஸ்?"

ரிக்கு இதைக் கேட்டபோது கார் கெத்துவாரா ஏரியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் பாதி முடிந்துவிட்டது. ஏரியின் மேல் பனிக்கட்டி சாம்பல் பூத்து, மீன்பிடிக்கிற கிழவர்கள்கூட அதில் கால் வைக்க யோசிக்கிற பருவம்.

பக்கத்து சீட்டில் இருந்த ஐலா கர்வினெனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அது சுலபத்தில் வராது. இருபது வருஷம் போலீஸில் குப்பை கொட்டிவிட்டு, யோயன்சூ நகரத்தில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவள். நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐலா, முன்னாள் டாக்ஸி டிரைவர் ரிக்கு, ஒரு காப்பி மெஷின். மூன்றில் ஒழுங்காக வேலை பார்ப்பது காப்பி மெஷின்தான் என்று ரிக்குவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

"கேஸை முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் ஐலா.

"பத்தாவது தடவையா?"

"பத்தாவது தடவைதான் உன் வாயிலேர்ந்து ஏதாவது உருப்படியா வரும்."

ரிக்கு பெருமூச்சு விட்டான். "ரெய்னோ ஹுர்ஸ்காய்னென். எழுபது வயசு. காட்டுல மரம் வெட்டுற மெஷின் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மார்ச் ரெண்டாம் தேதி நெஞ்சுச் சளி, காய்ச்சல். டாக்டர் பத்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். 'இது முடியற வரைக்கும் கொழுப்பு மாத்திரையைத் தொடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா தசை கரையும், கரைஞ்ச தசை சிறுநீரகத்தை அடைச்சிடும்'னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். எட்டாம் நாள் மத்தியானம் மனுஷனுக்குக் கால் எழும்பல. சிறுநீர் கறுப்புக் காப்பி மாதிரி போச்சு. ஆஸ்பத்திரி, டயாலிஸிஸ், பன்னிரண்டு நாள். சிறுநீரகம் கடைசி வரைக்கும் திரும்பல. போய்ட்டார்."

"போறதுக்கு முன்னாடி?"

"'மாத்திரையை நிறுத்திட்டேன்'னு நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கார். ஆனா ரத்தத்துல அந்தச் சரக்கு எக்கச்சக்கமா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதி மூடிட்டாங்க: 'நோயாளி மருத்துவரின் எச்சரிக்கையை மீறி மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டுள்ளார்.' அந்த ஒத்தை வரியை மாத்தணும்னு அவர் சம்சாரம் தைமியம்மா நம்மகிட்ட வந்தாங்க. அவங்க கணக்குல அவர் அந்த மாத்திரையைப் போன அக்டோபர்லயே விட்டாச்சு. தொடை வலிக்குதுன்னு குப்பையில போட்டுட்டாராம். வீட்டுல தேடினா ஒரு வில்லைகூட இல்ல. நானே அலமாரிக்கு அடியில புகுந்து பார்த்தேன், தும்மல்தான் மிச்சம்."

"அப்போ அவர் உண்மை சொல்லியிருந்தா?"

"வேற யாரோ அவருக்கே தெரியாம ஊட்டியிருக்கணும். வெளியில அவர் சாப்பிட்ட ஒரே இடம் அவர் சிநேகிதர் எஸ்கோ வீட்டு வியாழக்கிழமை பட்டாணி சூப்." ரிக்கு கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தான். "இன்னிக்கு வியாழன். என் உயிருக்கு ஏதாவது ஆச்சுன்னா காப்பி மெஷினைப் பத்திரமா பார்த்துக்குங்க."

*

எஸ்கோ எல்லைக் காவல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆறரை அடி உயரம், அதற்கேற்ற கோபம். கதவைத் திறந்து ஐலாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மேஜையில் இன்னும் இரண்டு தட்டு வைத்தார்.

ரிக்கு சூப்பை முகர்ந்தான். கரண்டியால் துழாவினான்.

"ஏன்யா, விஷம் தேடுறியா?" என்றார் எஸ்கோ.

"இல்ல ஐயா. பன்றிக்கறித் துண்டு தேடுறேன். விஷம் இருந்தா தானா கிடைச்சிடும்."

எஸ்கோ கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கும் ரெய்னோவுக்கும் முப்பது வருஷப் பழக்கம். பனிச்சறுக்குல அவன் முன்னாடி போவான், நான் பின்னாடி. போன மாசம் சவப்பெட்டியைத் தூக்கும்போதும் அவன்தான் முன்னாடி போனான். நான் அவனுக்கு விஷம் வைப்பேனா? கேக்குறதுன்னா மரியாதையா கேளுங்க."

"மரியாதையாவே கேக்குறேன் அண்ணே" என்றாள் ஐலா. "குளிர்காலத்துல அவர்கிட்ட ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா? எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

எஸ்கோ தட்டைத் தள்ளி வைத்தார்.

"வெண்ணெய்" என்றார்.

"என்னது?"

"ஜனவரியில ஒரு வியாழக்கிழமை, இதோ இந்த நாற்காலியிலதான் உக்காந்தான். முகமெல்லாம் பல்லு. என்னடா விஷயம்னேன். 'எஸ்கோ, கஞ்சியில வெண்ணெய் வந்துடுச்சுடா'ன்னான்."

ரிக்குவுக்கு வாயில் இருந்த பட்டாணி இறங்கவில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சியின் நடுவில் குழி பறித்து ஒரு துண்டு வெண்ணெய் வைப்பார்கள். அது உருகி மஞ்சளாக ஒரு கண்போல நிற்கும். வெண்ணெய்க் கண் இல்லாத கஞ்சியை அந்தப் பக்கத்தில் நாய்கூட யோசித்துத்தான் நக்கும். ஆனால் தைமி வீட்டில் பத்தொன்பது வருஷமாக வெண்ணெய் கிடையாது. ஊருக்கே தெரிந்த சங்கதி. தைமியின் அப்பா நாற்பத்தொன்பது வயதில் விறகுக் குவியல் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். ரெய்னோவுக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே தைமி வெண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாள்.

"அக்டோபர்ல அவன் மாத்திரையை விட்டதுல ரெண்டு பேருக்கும் சண்டை" என்றார் எஸ்கோ. "மூணு மாசம் பேசிக்கல. சாதாரணமாவே அவங்க பேசிக்கிறது கம்மிதான். ஆனா இது வேற மாதிரி பேசாதது. கிறிஸ்துமஸ்கூட அப்படியே போச்சு. அதான் வெண்ணெயைப் பார்த்ததும் பாவி அப்படியே பூரிச்சுப் போய்ட்டான். 'அவ என்னை மன்னிச்சுட்டா'ன்னான். முப்பது வருஷத்துல பெண்டாட்டியைப் பத்தி அவன் என்கிட்ட வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்."

பெரிய கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வேண்டா வெறுப்பாக இன்னொன்றும் சொன்னார்.

"மறுநாள் என் கார்ல மருந்துக்கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னான்."

ஐலா நிமிர்ந்தாள். "என்ன வாங்கினார்?"

"அதெல்லாம் நாங்க கேக்க மாட்டோம். 'தைமிகிட்ட சொல்லாதே'ன்னான். சொல்லல. அவ வீட்டு அடுப்படியில உக்காந்து அழுதப்பகூட நான் சொல்லல."

*

காருக்குள் ஏறியதும் ரிக்கு கதவை அறைந்து சாத்தினான்.

"முடிஞ்சுது பாஸ். மாத்திரை வாங்கியிருக்கார், ஒளிச்சு வெச்சுத் தின்னிருக்கார், 'நிறுத்திட்டேன்'னு புளுகியிருக்கார். இதை அந்தம்மாகிட்ட யாரு சொல்றது? நான் கார்லயே இருக்கேன்."

"ரிக்கு, நெருப்புல விழுந்து பிழைச்சவ தன் கையால வீட்டுக்குள்ள கொள்ளிக்கட்டையைக் கொண்டுவருவாளா?"

"மாட்டா."

"அப்பனைக் கொன்னது கொழுப்புன்னு நம்புற பொம்பளை, புருஷனோட சண்டை போட்டு, அவனுக்குப் பத்தொம்பது வருஷம் கழிச்சு வெண்ணெய் வைக்கிறா. மாத்திரையும் இல்லாத புருஷனுக்கு. ஏன்?"

ரிக்குவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாஸ், தைமியம்மாவையா சந்தேகப்படுறீங்க? நம்மளைக் கூப்பிட்டதே அவங்கதானே!"

"வண்டியை எடு" என்றாள் ஐலா.

*

தைமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சின்ன உடம்பு, ரெய்னோவின் பழைய கம்பளிச் சட்டை முழங்கால் வரை தொங்கியது. வணக்கம், வாருங்கள் எதுவும் இல்லை.

"அந்த வரி மாறிடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல தைமியம்மா."

"காப்பி போட்டு வெச்சிருக்கேன்." உள்ளே போய்க்கொண்டே பேசினாள். "எனக்குப் படிப்பு அதிகமில்ல. ஆனா அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடமா சொல்லுவேன். எச்சரிக்கையை மீறின்னு எழுதியிருக்காங்க. அந்த மனுஷன் ஆள் இல்லாத காட்டு ரோட்டுல சிவப்பு விளக்குக்கு நிப்பார். அவர் 'நிறுத்திட்டேன்'னு சொன்னா நிறுத்திட்டார். சாகப் போறப்போ கடைசியா பேசின பேச்சும்மா அது. அதைப் பொய்யின்னு எழுதி, கையெழுத்தும் போட்டு, என் கையில கொடுத்திருக்காங்க."

ரிக்கு காப்பியைக் குடித்தான்.

"ஜனவரி, பிப்ரவரியில காலையில என்ன செய்வார்?" என்று கேட்டாள் ஐலா.

"எழுந்திருப்பார். கஞ்சி குடிப்பார். குடிச்ச கையோட சவுனாவுக்குப் போவார்."

"காலையிலயே குளிக்கவா?"

"குளிக்க இல்லம்மா, எலிப்பொறி பார்க்க. சவுனாவுல எலி வருதுன்னு ஜனவரியில புதுசா ஒண்ணு வாங்கி வெச்சார். காய்ச்சல்லகூட விடல. கம்பைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளாடித் தள்ளாடிப் போவார். 'எலி எங்கயும் ஓடிடாது, படுங்க'ன்னு சொன்னாலும் கேக்க மாட்டார்."

"எத்தனை எலி மாட்டுச்சு?"

தைமி யோசித்தாள். "அதை அவர் சொன்னதே இல்ல."

ஐலா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

நீராவிக் குளியலுக்கான அந்தச் சவுனா குடில் ஏரிக்கரையில் இருந்தது. உடை மாற்றும் முன்னறையில் ஒரு பெஞ்சு, தண்ணீர் வாளி, ஆணியில், குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்கிற காய்ந்த பிர்ச் இலைக் கட்டு. பெஞ்சுக்கு அடியில் எலிப்பொறி. ரிக்கு அதைத் தூக்கிப் பார்த்தான். கடை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. கம்பியில் ஒரு கீறல் இல்லை. இரை வைக்கிற ஊசியில் பாலாடைக்கட்டி வாசனைகூட இல்லை.

"பாஸ், இந்தப் பொறி தன் வாழ்நாள்ல ஒரு எலியை நேர்ல பார்த்ததில்ல. எலிங்க இதுமேல உக்காந்து சீட்டாடியிருக்கும். இதை ரெண்டு மாசம் தினமும் வந்து பார்த்தாரா?"

"பொறியைப் பார்க்க வரல. மேல தேடு."

தார் சோப்பு வைக்கிற தகர டப்பா அலமாரியின் கோடியில் இருந்தது. திறந்தான். சோப்பு இல்லை. கொழுப்பு மாத்திரை அட்டைகள், ஒரு பென்சில், சட்டைப் பையில் வைக்கிற சின்ன நாட்குறிப்பு. மாத்திரை சாப்பிட்டதற்கு அடையாளமாக ஜனவரி ஒன்பதிலிருந்து தினமும் ஒரு டிக். மார்ச் இரண்டாம் தேதி, மரக்கட்டைபோல் நேரான எழுத்தில் இப்படி இருந்தது: 'டாக்டர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.' அன்றிலிருந்து டிக் இல்லை. நாளுக்கு ஒரு சின்ன வட்டம். எட்டு வட்டங்கள். முதல் வட்டம் அழகாக இருந்தது, எட்டாவது முட்டைபோல் கோணியிருந்தது.

ரிக்கு அட்டையில் மீதி இருந்த வில்லைகளை எண்ணினான். டிக்குகளோடு கச்சிதமாகப் பொருந்தியது.

"பாஸ்!" நாட்குறிப்பை ஐலாவின் கையில் திணித்தான். "நிறுத்தியிருக்கார்! காய்ச்சலோட நடந்து வந்து வட்டம் போட்டுட்டுப் போயிருக்கார் மனுஷன்! பொய் சொல்லல! அந்தம்மா சொன்னதுதான் சரி! குடுங்க, ஓடிப்போய்க் காட்டிட்டு வரேன்."

ஐலா நாட்குறிப்பைக் கொடுக்கவில்லை. ஜனவரிப் பக்கத்துக்குத் திருப்பினாள். படித்தாள். மறுபடி படித்தாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"அன்னிக்கு எவ்வளவு குளிர்னு எழுதியிருக்கு." நாட்குறிப்பைக் கோட்டுப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினாள். "கிண்ணங்களைப் பார்க்கணும் ரிக்கு."

*

கல்யாணத்துக்கு வந்த கிண்ணங்கள். வெள்ளைப் பீங்கானில் நீலக் கரை, ஒரே மாதிரி இரண்டு. ஒன்று அவருடையது, ஒன்று இவளுடையது. நாற்பத்தொரு வருஷத்தில் மாற்றிச் சாப்பிட்டதே இல்லை என்றாள் தைமி.

ஐலா இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பழைய பீங்கான் என்பதால் உள்ளே மயிரிழைபோல விரிசல்கள் ஓடின. தைமியின் கிண்ணத்தில் அந்த விரிசல்கள் சாம்பல் நிறம். ரெய்னோவின் கிண்ணத்தில் வெளிறிய சிவப்பு.

"கஞ்சிமேல செம்பழ ஜாம் போடுவீங்களா?"

"ஆமா. காட்டுல நானே பறிச்சது."

"ரெண்டு பேருக்கும்?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"ஒரே கஞ்சி, ஒரே ஜாம். ஒரு கிண்ணம் மட்டும் எப்படிச் சிவந்துச்சு?" ஐலாவின் குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "தைமியம்மா, வெண்ணெய் எதுக்கு வெச்சீங்க?"

தைமியின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. ஒளித்து வைத்த மிட்டாயோடு பிடிபட்ட சிறுமியின் வெட்கம். பாவம், அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எழுந்து போய் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் குப்பியை எடுத்து வந்தாள்.

"இதுக்குத்தான். மருந்தில்லம்மா, பயப்படாதீங்க. அரிசி. சிவப்பரிசியாம், சீனாக்காரங்க எத்தனையோ காலமா சாப்பிடுறது. கொழுப்பைக் குறைக்கும், இயற்கையானதுன்னு ஆரோக்கியக் கடைப் பொண்ணு சொல்லிச்சு. அவருக்குத்தான் மாத்திரைன்னாலே ஆகாதே. அதான் தினம் காலையில ரெண்டு கேப்ஸ்யூலைப் பிரிச்சுக் கஞ்சியில கலந்துடுவேன். கசக்கும். அந்தக் கசப்பு தெரியாம இருக்க நடுவுல வெண்ணெய். சிவப்பு தெரியாம இருக்க மேல ஜாம்." லேசாகச் சிரித்தாள். "அவர் கண்டுபிடிக்கவே இல்லம்மா. ஒரு நாள்கூட விடல நான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்குக் காலையிலகூட, வேற எதுவும் இறங்கலன்னாலும் என் கஞ்சியை மட்டும் குடிச்சுட்டுத்தான் போனார்."

ரிக்கு குப்பியை மெல்லக் கையில் எடுத்தான். "ஒரு நிமிஷம்மா. ஒரு போன்."

வாசலில் நின்று, ஆன்டிபயாடிக் பற்றி முதல் நாள் பேசிய மருந்துக்கடைக்காரிக்கு போன் போட்டான். இரண்டே கேள்வி. அவள் சொன்னது இவ்வளவுதான்: அந்த அரிசி ஒரு பூஞ்சையை வளர்த்துச் செய்வது. அந்தப் பூஞ்சை சுரக்கிறதும் ரெய்னோவின் மாத்திரையில் இருக்கிறதும் ஒரே பொருள். ஒன்று ஆலையில் செய்தது, இன்னொன்று அரிசியில் வளர்ந்தது. ரத்தத்தில் வித்தியாசம் தெரியாது. அந்த ஆன்டிபயாடிக்கோடு சேரக் கூடாது என்றால் இரண்டுமே சேரக் கூடாது. கிழவரின் உடம்பு ஏற்கெனவே இரண்டு மாசம் இரட்டை அளவைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"குப்பியிலயே போட்டிருக்குமே, படிக்கலையா?" என்று கேட்டாள் அவள்.

ரிக்கு குப்பியைத் திருப்பினான். எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே வந்து அதை மேஜையில் வைத்தான்.

"தைமியம்மா... இதுமேல எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?"

"படிச்சேனே. பூதக்கண்ணாடி வெச்சு ஒரு எழுத்து விடாம படிச்சேன். அவர் வாயில போடறதாச்சே. 'கொழுப்பு மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் உட்கொள்ளக் கூடாது.'" ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "இவர்தான் அக்டோபர்லயே விட்டுட்டாரே."

அடுப்பின் மேல் கெட்டில் முனகிக்கொண்டிருந்தது. ஐலா எழுந்து போய் அதை இறக்கி வைத்தாள். இறக்க வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை.

"சொல்லும்மா" என்றாள் தைமி. "நாலு நாளா அலையறீங்க. ஏதோ கிடைச்சிருக்கு, உங்க முகத்துலயே தெரியுது. அவர் பொய் சொன்னாரா, இல்லையா?"

ஐலா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. எத்தனையோ கொலைகாரர்களின் முகத்துக்கு நேராக 'நீதான்' என்று சொன்ன பொம்பளை அவள்.

அந்த நேரத்தில் ரிக்கு ஒரு காரியம் செய்தான். யாரும் கேட்காமலே செய்தான். இந்தக் கிழவியைக் காப்பாற்ற அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

"மறந்து போய் எடுத்திருப்பார்ம்மா" என்றான். "ஜனவரியிலயே மறுபடி மாத்திரை வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கார். காய்ச்சல் மயக்கத்துல நிறுத்த மறந்திருப்பார். அவ்வளவுதான். யார் மேலயும் தப்பில்ல."

தைமி அவனையே பார்த்தாள். அவள் அழவில்லை. ஒரு சுற்று சிறுத்துப் போனாள், அவ்வளவுதான். கம்பளிச் சட்டைக்குள் ஆளே இல்லாததுபோல் இருந்தது.

"என்கிட்டயும் ஒளிச்சாரா" என்றாள். "அப்போ பொய்தான் சொல்லிட்டுப் போனாரா? என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான்யா சொன்னார். பிடிச்ச பிடியை விடாம சொன்னார்."

ரிக்கு காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளிடம் மிச்சமிருந்த ஒன்றே ஒன்றையும் பிடுங்கிவிட்டான்.

ஐலா கோட்டுப் பையின் பட்டனைக் கழற்றினாள்.

"இவன் சொல்றது உண்மையில்ல தைமியம்மா" என்றாள். "அவர் பொய் சொல்லல. இது சவுனாவுல இருந்துச்சு. முதல்ல மார்ச் மாசத்தைப் பாருங்க."

தைமி பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். 'நிறுத்தினேன்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். எட்டு வட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். எட்டாவதில் விரல் வெகுநேரம் நின்றது.

"எலிப்பொறி..." என்றாள். "எலிப்பொறின்னு சொல்லிட்டு இதுக்குத்தான் போனாரா!"

"இப்போ ஜனவரி ஒன்பதாம் தேதி."

அங்கே மூன்றே வரி இருந்தது. தைமி அதை வாய்விட்டே படித்தாள்.

"'மைனஸ் இருபத்திரண்டு. கஞ்சியில் வெண்ணெய் போட ஆரம்பித்துவிட்டாள். இனி அவள் பயப்படாமல் இருக்க நான் மாத்திரை சாப்பிட வேண்டும், இன்று தொடங்கினேன்.'"

படித்து முடித்துக் கண்ணாடியைக் கீழே வைத்தாள். நாட்குறிப்பைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். வெள்ளைக் குப்பியைப் பார்த்தாள். அவள் மூளை மெதுவாகவும் நேர்மையாகவும் ஒவ்வொரு படியாக இறங்குவதை ரிக்கு கண்ணால் பார்த்தான். ஓடிப்போய்த் தடுக்கலாம் போல இருந்தது. எதைத் தடுப்பது?

"நிறுத்தினவரோட ரத்தத்துல அது எப்படிம்மா வந்துச்சு?" என்றாள் தைமி.

ஐலா பதில் சொல்லியாக வேண்டும்.

"அந்த மாத்திரைக்குள்ள இருக்கறதும் இந்த அரிசிக்குள்ள இருக்கறதும் ஒண்ணுதான் தைமியம்மா. உங்களுக்கு அது தெரியாது. அவர் மறுபடி மாத்திரை எடுக்கறது உங்களுக்குத் தெரியாது. இந்த அரிசி அவருக்குத் தெரியாது. டாக்டருக்கும் இந்த அரிசி தெரியாது."

வெளியே கூரையிலிருந்து உருகின பனி சொட்டிக்கொண்டிருந்தது. தைமி எழுந்தாள். ரெய்னோவின் கிண்ணத்தை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். சத்தமே வராத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. ஐலா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள். ரிக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் கண்ணும் நிறைந்துவிட்டது.

"ஒரு வார்த்தை" என்றாள் தைமி அழுகைக்கு நடுவில். "ஒரே ஒரு வார்த்தை அவர் என்கிட்ட சொல்லியிருந்தா. இல்ல, நான் அவர்கிட்ட சொல்லியிருந்தா. எதிர் எதிரே உக்காந்துதானேம்மா தினமும் கஞ்சி குடிச்சோம்."

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வரியை மாத்தச் சொல்லுங்க."

"தைமியம்மா..." ஐலா தயங்கினாள். "அப்படியே விட்டுட்டா இது இந்த அடுப்படியோட போய்டும். நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். மாத்தணும்னா அந்த இடத்துல வேற ஒரு வரி எழுதியாகணும்."

"அதுல என் பேர் இருக்கும்."

"ஆமா."

"எழுதுங்க" என்றாள் தைமி. "அவர் சொன்ன கடைசிப் பேச்சு உண்மைன்னு இருக்கணும். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்." ரிக்கு பக்கம் திரும்பினாள். "நீ எழுதுப்பா. நீ நல்லவன், எனக்காகத்தான் பொய் சொன்னே. இப்போ உண்மையை எழுது. நான் சொல்லச் சொல்ல எழுது."

ரிக்கு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். பேனா முதலில் எழுதவில்லை, ஓரத்தில் கிறுக்கி எழுத வைத்தான்.

தைமி கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, ஒரு சமையல் பக்குவம் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு கை ஓட்ஸ். இரண்டு கோப்பைத் தண்ணீர். ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு கேப்ஸ்யூல். ஒரு கரண்டி ஜாம். ரிக்கு ஒவ்வொன்றையும் எழுதினான்.

"வெண்ணெய் எவ்வளவும்மா?" என்று கேட்டான்.

"முதல் நாள் கொஞ்சமாத்தான் வெச்சேன், கசப்பு போக எவ்வளவு வேணுமோ அவ்வளவு" என்றாள் தைமி. "அதைப் பார்த்துட்டு அவர் என்னைப் பார்த்தார். மூணு மாசத்துல முதல் தடவையா பார்த்தார். அதனால மறுநாளிலேர்ந்து பெரிசா வெச்சேன். அதையும் எழுதிக்கோப்பா. தேவைக்கு மேலயே வெச்சேன்."

ரிக்கு அதையும் எழுதிக்கொண்டான்.